கல்லூரியில் இரண்டு விளையாட்டு ஆடலாமா? கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ வரைக்கும் கபடியும் நீளம் தாண்டுதலும் சேர்த்து ஆடிய பிள்ளை, கல்லூரியில் சேர்ந்ததும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: இரண்டையும் தொடரலாமா, ஒன்றை விட்டுவிட வேண்டுமா?

ஆடலாம். உடம்பும் தாங்கும், சரியாகப் பழகினால். இடைஞ்சல் வருவது பெரும்பாலும் தேதியில்தான். செலக்ஷனும் கேம்பும் போட்டியும் செமஸ்டர் தேர்வும் ஒரே ஐந்தாறு மாதங்களுக்குள் நெருக்கி வந்து விழும். அதனால் எந்த நேரத்திலும் ஒரு விளையாட்டு முதலாவதாகவும் மற்றது துணையாகவும் இருக்க வேண்டும். எது முதல், எது துணை என்பதைச் செலக்ஷனுக்கு முன்பே முடிவு செய்து, இரண்டு பயிற்சியாளரிடமும் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் சரிசமமாக ஆட நினைத்தவர்கள் பெரும்பாலும் இரண்டிலும் பதினைந்தாவது ஆளாக நிற்கிறார்கள்.

முதலில் தேதிகளைக் கையில் எடுங்கள்

கடலூர் மாவட்டக் கலை, அறிவியல் கல்லூரிகள் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. புதுச்சேரியில் உள்ளவை பெரும்பாலும் காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ். உங்கள் வீடு கடலூரில் இருந்தாலும், படிப்பது லாஸ்பேட்டையில் என்றால் நீங்கள் ஆடுவது புதுவைப் பல்கலைக்கழக அணிக்கு. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட்டவர்களைப் பல்கலைக்கழகச் செலக்ஷனுக்கு அழைப்பார்கள். அதில் தேறினால் கேம்ப், அதன்பின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் போட்டி. கபடி, கைப்பந்து, கால்பந்து போன்ற குழு விளையாட்டுகளில் முதலில் தென்மண்டலப் போட்டி. தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா அணிகள் அதில் மோதும். அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டி. தடகளத்தில் நேரடியாக அகில இந்தியப் போட்டிதான்.

இவை எல்லாம் ஏறக்குறைய செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரி வரை ஓடுகின்றன. தடகளம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியை ஒட்டி வரும். நடுவில் நவம்பரில் செமஸ்டர் தேர்வு. நம் கடற்கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வேறு. மைதானத்தில் தண்ணீர் நின்றால் ஒரு போட்டி பத்து நாள் தள்ளிப்போய், இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

ஆகவே ஜூலையில் கல்லூரி திறந்ததுமே உடற்கல்வி இயக்குநரிடம் போய் நான்கு தேதிகளைக் கேளுங்கள்: கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, பல்கலைக்கழகச் செலக்ஷன், கேம்ப், மண்டலப் போட்டி. இரண்டு விளையாட்டுக்கும் தனித்தனியாக, ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்துக் கட்டமாக எழுதுங்கள். ஐந்தாவது வரிசையில் தேர்வும் செய்முறைத் தேர்வும். தேதி இன்னும் வரவில்லை என்றால் போன ஆண்டுத் தேதியைப் பென்சிலில் போடுங்கள். கேம்பும் கேம்பும் மோதுவதுதான் பெரிய சிக்கல். ஒரு நாள் போட்டியை எப்படியாவது சமாளிக்கலாம். இரண்டு கேம்பில் ஒரே ஆள் இருக்க முடியாது, கேம்புக்கு வராதவரை எந்த அணி மேலாளரும் ரயில் ஏற்ற மாட்டார்.

பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதே இடத்தில்தான் இடித்தது. செங்கல்பட்டுப் பக்கம் மொரப்பாக்கத்தில் பிறந்த எம். ஜே. கோபாலன் கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி வாய்ப்பும் இங்கிலாந்து கிரிக்கெட் பயணமும் ஒரே காலத்தில் வந்தன. அவர் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஒரு டெஸ்டில்கூட இறக்கப்படவில்லை. ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது. எந்தப் பக்கம் வாய்ப்பு உறுதி, எந்தப் பக்கம் வெறும் பதினாறாவது இடம் என்று முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

தகுதி விதிகளில் பார்ப்பது வயது, படிப்பு, பிளஸ் டூ முடித்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்பவை. முழுநேர மாணவராக இருக்க வேண்டும். வயது 17-லிருந்து 25-க்குள். இந்த ஆண்டுச் சுற்றறிக்கையை உடற்கல்வி இயக்குநர் அறையிலேயே வாங்கிப் படித்துவிடுங்கள். தகுதிப் படிவம் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ் நகல்களைச் சான்றொப்பத்தோடு ஐந்து செட், பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து எப்போதும் தயாராக இருக்கட்டும். பயணத்தில் அசல் பத்தாம் வகுப்புச் சான்றிதழும் கல்லூரி அடையாள அட்டையும் கையில் இல்லாமல், மைதானம் வரை போய் வெளியே உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் வாங்கியவர், கட்டணச் சலுகையில் சேர்ந்தவர், விளையாட்டு விடுதியில் தங்குபவர் இரண்டாவது விளையாட்டைத் தொடும் முன் சேர்க்கைக் கடிதத்தைப் படிக்க வேண்டும். சலுகை ஒரு விளையாட்டின் பெயரில்தான் வந்திருக்கும். மற்றதில் கால் உடைந்தால் அந்தச் சலுகை என்னவாகும் என்று வாயால் கேட்காமல் எழுதிக் கேளுங்கள். எல்லையோரப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: ஒரே விளையாட்டில், ஒரே பருவத்தில் தமிழ்நாட்டுச் சங்கத்துக்கும் புதுச்சேரிச் சங்கத்துக்கும் ஆடப் பதிவு செய்யாதீர்கள். இரண்டு இடத்திலும் பெயர் நீக்கப்பட்டுப் போகும்.

எதோடு எது சேரும்

இரண்டு விளையாட்டும் உடம்பின் ஒரே மூட்டுப் பகுதியை, ஒரே விதமாகத் தேய்க்கக் கூடாது. ஜோடி சேர்க்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

கைப்பந்தும் உயரம் தாண்டுதலும் பார்வைக்கு அழகான ஜோடி. உயரமான பிள்ளை, நல்ல குதிப்பு. ஆனால் இரண்டின் பாரமும் முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரில் போய் விழுகிறது. நடுவில் நின்று தடுக்கும் ஆட்டக்காரர் நீண்ட ஒரு ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல்கூட எகிறலாம். அதன் மறுநாள் உயரம் தாண்டுதல் பழகினால் அந்த நார் ஆறவே ஆறாது. இந்த ஜோடியை ஆடியே தீர வேண்டுமென்றால் குதிப்பை எண்ணுங்கள்: கைப்பந்துப் பருவத்தில் உயரம் தாண்டுதல் வாரம் ஒரே நாள், 15 தாண்டலுக்கு மேல் வேண்டாம்.

வேகப்பந்து வீச்சும் ஈட்டி எறிதலும் நாங்கள் பரிந்துரைக்காத ஜோடி. இரண்டிலும் முன்காலை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்கு வளைத்து, திருகி வீசுகிறோம். இருபது வயதுப் பையனின் கீழ் முதுகெலும்பு முழுதாக முற்றியிருக்காது. எலும்பில் மயிர்க்கோடாக விரிசல் விழுவது இந்த வயதில்தான் அதிகம். பின்பக்கம் வளையும்போது ஒரு பக்கமாக வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். கைப்பந்தில் அடிப்பவர் ஈட்டி எறிவதிலும் தோளுக்கு இதே ஆபத்து உண்டு.

கபடியும் குண்டு எறிதலும் வேறு காரணத்தால் மோதும். மூத்தோர் கபடியில் ஆண்களுக்கு 85 கிலோ, பெண்களுக்கு 75 கிலோ எடை வரம்பு. ஆண்கள் எறியும் 7.26 கிலோ குண்டுக்கோ உடம்பில் கனம் வேண்டும். குண்டுக்காக ஏற்றி, கபடிக்காக ஒரே வாரத்தில் பட்டினி கிடந்து இறக்கினால் கபடி விரிப்பில் கால் தள்ளாடும். எடை வரம்புக்கு நான்கைந்து கிலோ கீழேயே இருப்பவருக்கு இது சிக்கலில்லை.

நன்றாகச் சேரும் ஜோடிகளும் இருக்கின்றன. கால்பந்து அல்லது ஹாக்கியோடு 800, 1500 மீட்டர் ஓட்டம்: மூச்சு இரண்டுக்கும் பொது. கபடி ரைடருக்கு 100 மீட்டரும் நீளம் தாண்டுதலும்: முதல் மூன்று அடியின் உந்துதல் இரண்டுக்கும் ஒன்றே, பின்தொடையை மட்டும் காக்க வேண்டும். கைப்பந்தும் கடற்கரைக் கைப்பந்தும் தேதி இடம் கொடுத்தால் இயல்பாகவே போகும். செஸ் எதோடும் சேரும். அதைத் துணை விளையாட்டாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும்.

பயிற்சியாளரிடம் சொல்வது

ஒளித்து ஆடாதீர்கள். கடலூர் அண்ணா விளையாட்டரங்கத்திலோ உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்திலோ காலையில் ஒரு கோச், மாலையில் கல்லூரியில் இன்னொரு சார் என்று போகிறவர்கள், ஒருவருக்கு மற்றவரைத் தெரியாமல் வைத்திருப்பதால்தான் அடிபடுகிறார்கள். காலையில் கோச் முழு வேகத்தில் ஓடவிட்டிருப்பார். அது தெரியாத சார் மாலையில் மறுபடி வேக ஓட்டம் கொடுப்பார். மூன்றாம் வாரம் பின்தொடை பிடித்துக்கொள்ளும்.

ஒரு பக்கக் கடிதம் போதும். எது முதல் விளையாட்டு, எந்த மாதம் வரை, துணை விளையாட்டுக்கு வாரம் எத்தனை நாள், எந்தப் போட்டி மோதினால் எதற்குப் போவீர்கள். இதை இரண்டு பேரிடமும் கொடுத்து, ஒருவர் எண்ணை மற்றவருக்கும் கொடுங்கள். "சார், டிசம்பர் வரைக்கும் கபடிதான் எனக்கு முதல். தடகளத்துக்கு வாரம் ரெண்டு காலை வர்றேன். ஜனவரியில முழுசா வந்துடறேன்" என்று நேரில் சொன்னால் கோபப்படும் பயிற்சியாளர் குறைவு. செலக்ஷனில் பெயர் வந்தபிறகு "வர முடியாது சார்" என்று சொல்பவர் மேல் வரும் கோபம் நியாயமானது. அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டிய இன்னொரு பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு வாரம் எப்படி இருக்கும்

கபடி முதல், நீளம் தாண்டுதல் துணை என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை ஒரு மணி நேரம் வேகம்: 30 மீட்டர் ஆறு முறை, நடுவில் இரண்டு மூன்று நிமிடம் முழு ஓய்வு, பிறகு ஓடிவரும் தூரத்தைச் சரிபார்க்க ஆறு ஓட்டம். மாலையில் கபடி விரிப்பில் ஒன்றரை மணி நேரம். செவ்வாய் மாலை கபடி மட்டும். புதன் காலை 50 நிமிடம் எடைப் பயிற்சி: ஸ்குவாட் நான்கு செட் ஐந்து முறை, கெண்டைக்கால் ஏற்றம் மூன்று செட் பதினைந்து, நார்டிக் மூன்று செட் ஐந்து முறை. மாலையில் ஒரு மணி நேரம் லேசாக, பிடிகளும் அணி நிற்கும் ஒழுங்கும். வியாழன் குறைந்த ஓட்டத்தில் எட்டு முதல் பத்துத் தாண்டல், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். அன்று கபடி கிடையாது. வெள்ளி பயிற்சி ஆட்டம். சனி 40 நிமிடம் மெதுவான ஓட்டமும் நீட்சியும். ஞாயிறு ஒன்றும் இல்லை.

நார்டிக் என்பது முழங்காலிட்டு, ஒருவர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்க, உடம்பை நேராக வைத்து மெதுவாக முன்னே சாய்ந்து இறங்குவது. தொடர்ந்து செய்கிற அணிகளில் பின்தொடைக் காயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. முதல் இரண்டு வாரம் நடக்கவே வலிக்கும், அதனால் போட்டிக்கு முந்தின வாரத்தில் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

இந்த அட்டவணையில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். வேக வேலை எப்போதும் உடம்பு புதிதாக இருக்கும் நேரத்தில், அதாவது ஆட்டத்துக்கு முன்னால். முழு வேக நாளுக்கும் அடுத்த முழு வேக நாளுக்கும் நடுவே 48 மணி நேரம்.

பாரத்தைக் கணக்குப் பார்க்க ஒரு நோட்டு போதும். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினம் என்று 10-க்கு மதிப்பெண் போட்டு, நிமிடத்தால் பெருக்குங்கள். 90 நிமிடம், கடினம் 6 என்றால் 540. மேலே சொன்ன வாரம் தோராயமாக இப்படி வரும்: திங்கள் 960, செவ்வாய் 540, புதன் 540, வியாழன் 360, வெள்ளி 720, சனி 120, மொத்தம் 3240. அடுத்த வாரம் 3500-க்கு மேல் போக வேண்டாம். இரண்டு விளையாட்டுக்காரர்கள் அடிபடுவது பெரும்பாலும் ஒரு பருவம் முடிந்து அடுத்தது தொடங்கும் வாரத்தில். இரண்டு சாரும் அந்த வாரம் முழு ஆளாக எதிர்பார்ப்பார்கள், மொத்தம் திடீரென ஒன்றரை மடங்காகிவிடும். நோட்டைக் காட்டினால் அவர்களே குறைப்பார்கள்.

மழைக்காலத்தில் மைதானம் போய்விட்டால் சில்வர் பீச் பக்கம் ஓடப் போகிறார்கள். மணலில் அதே வேகத்துக்கு அதிக உழைப்பு வேண்டும், கெண்டைக்காலும் குதிகால் நாரும் சீக்கிரம் இறுகும். முதல் நாள் 15 நிமிடம் போதும். தண்ணீர் ஓரம் சரிவாக இருப்பதால் ஒரே திசையில் போகாமல் பாதி தூரத்தில் திரும்பி வாருங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் கடற்கரைப் பக்கமே வேண்டாம்.

தூக்கம், சாப்பாடு, தண்ணீர்

நெல்லிக்குப்பத்திலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ பஸ் பிடித்துக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருகிற பிள்ளை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். இரவு பதினொன்றுக்குப் படுத்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம். அதில் இரண்டு விளையாட்டு முடியாது. எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் இளம் ஆட்டக்காரர்களுக்குக் காயம் கூடுகிறது. பயணம் நீளமானவர்கள் காலைப் பயிற்சியை வாரம் இரண்டு நாளாகக் குறைத்துவிட்டு, துணை விளையாட்டை மாலையிலேயே முதல் அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது.

புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.6 கிராம். 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6-லிருந்து 7, 100 கிராம் மீனில் 18-லிருந்து 20, வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் அளவுக்கு. காசு குறைவென்றால் மூன்று முட்டை, இரண்டு டம்ளர் பால், ஒரு வேளை கவலை மீன், ஒரு கிண்ணம் சுண்டல், மீதிக்குச் சோறும் பருப்பும் போதும். பவுடர் டப்பா தேவையில்லை. டப்பாவில் எழுதாத மருந்து கலந்திருந்து ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் தடை உங்களுக்குத்தான், கடைக்காரருக்கு இல்லை. சளி மாத்திரைக்கும் இதே கவனம் வேண்டும்; சூடோஎபெட்ரின் உள்ள மாத்திரை போட்டி நாளில் சிக்கலாகும்.

காலைப் பயிற்சிக்கு வெறும் வயிற்றில் வராதீர்கள். ஒரு வாழைப்பழம், அரை டம்ளர் கேழ்வரகுக் கூழ், அவ்வளவு போதும். முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் முழுச் சாப்பாடு. இரண்டு பயிற்சிக்கு நடுவே பசியோடு வகுப்பில் உட்காருவதால்தான் மாலை ஆட்டம் சரிகிறது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை காயாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் குடித்து ஈடுகட்டுங்கள். உப்பில்லாத வெறும் தண்ணீர் மட்டும் வேண்டாம். உப்புப் போட்ட நீர்மோர், அல்லது ஒரு லிட்டரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

பெண் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. இரண்டு விளையாட்டு ஆடத் தொடங்கியபின் மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால், அது உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு போகவில்லை என்று உடம்பு சொல்வது. எலும்பு வலுவிழந்து விரிசல் விழும். சகஜம் என்று விடாமல் மருத்துவரைப் பாருங்கள். பருவம் தொடங்கும் முன் ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூச்சு வாங்குவதற்குப் பயிற்சிக் குறைவு காரணமாக இல்லாமல் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம்.

வலியை எப்படிப் பிரிப்பது? சூடு ஏறியதும் மறைந்து மறுநாள் கூடாத வலியோடு பயிற்சியைக் குறைத்துத் தொடரலாம். முன்கால் எலும்பில் ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் குத்துகிற வலி, இரவில் எழுப்பும் வலி, முழங்கால் வீக்கம், மூட்டு நழுவுகிற உணர்வு: இந்த நான்கில் ஒன்று வந்தாலும் இரண்டு விளையாட்டையும் நிறுத்துங்கள். ஒன்றில் ஓய்வெடுத்து மற்றதை ஆடுவது ஓய்வாகாது.

வருகைப்பதிவும் அரியரும்

பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீத வருகை வேண்டும். ஓ.டி. (போட்டிக்குப் போன நாளையும் வருகையாகக் கணக்கிடும் 'ஆன் டூட்டி' அனுமதி) அதைக் காப்பாற்றும், மதிப்பெண்ணைக் காப்பாற்றாது. இரண்டு விளையாட்டு என்றால் ஓ.டி. நாளும் இரட்டிப்பாகும். கிளம்பும் முன்பே துறைத்தலைவருக்கும் வகுப்பாசிரியருக்கும் ஓ.டி. கடிதத்தின் நகல் கொடுத்து, திரும்பியதும் போட்டிச் சான்றை இணைத்துப் பதிவு ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். அகமதிப்பீட்டுத் தேர்வும் ஆய்வகப் பதிவேடும்தான் அதிகம் தவறுகின்றன; அறிவியல், பொறியியல் மாணவர்கள் ஆய்வகம் உள்ள நாளில் துணை விளையாட்டு வைக்கவே கூடாது. முதல் செமஸ்டரில் ஒரே விளையாட்டு ஆடி, தேர்வு முடிவைப் பார்த்தபின் இரண்டாவதைச் சேர்ப்பது எங்கள் யோசனை.

சான்றிதழ், வேலை

மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழக ஆட்டக்காரர் காட்ட வேண்டியது படிவம் 3. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கான சான்று அது. பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். தமிழ்நாடு அரசு வேலையிலும் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே போன்ற துறைகள் அறிவிப்பில் விளையாட்டின் பெயரைப் போட்டே கேட்கும். சில நேரம் கபடி என்றால் ரைடரா, மூலைப் பிடியா என்பது வரை. அங்கே இரண்டு விளையாட்டில் கல்லூரி அளவுச் சான்றுகள் இருபது வைத்திருப்பவரைவிட, ஒன்றில் தென்மண்டலத்துக்கு மேல் போனவருக்கே இடம். முதல் விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் எடை போடுங்கள். முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளில் கல்லூரி மாணவர் பிரிவு உண்டு. துணை விளையாட்டைக் காட்ட நல்ல இடம்.

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கேட்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. விதியும் இரண்டு விளையாட்டைத் தடுப்பதில்லை. பருவத்தில் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது அங்கே முதல் பிரிவில் இருக்கும் கல்லூரிகளின் வரம்பு. உதவித்தொகை கொடுத்த பயிற்சியாளர் ஒப்பினால்தான் மற்றதற்கு நேரம் கிடைக்கும். மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. இரண்டு ஆட விரும்புகிறவருக்கு அங்கே கட்டு குறைவு.

எப்போது ஒன்றை விடுவது? ஒரு செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தால். ஒரே காயம் ஒரே பருவத்தில் இரண்டாம் முறை வந்தால். முதல் விளையாட்டில் பல்கலைக்கழக அணிக்குள் நுழைந்து, களத்தில் இறங்கும் ஆட்களுக்குள் வர ஒரு படிதான் மீதி என்றால். விடுவதைப் பருவம் முடிந்தபின் செய்யுங்கள், நடுவில் வேண்டாம். துணை விளையாட்டின் சாரிடம் நேரில் போய்ச் சொல்லி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் ஆள் குறைந்தால் மட்டும் வருவதாக ஒப்புக்கொள்ளலாம். பல கல்லூரிகளில் தொடர் ஓட்டத்துக்கு நான்காவது ஆள் கிடைப்பது இப்படித்தான்.